பொலேரோவை நிறுத்தப் போகிறார்களா? ஒரு வண்டி மாடல் எப்படி முடிவுக்கு வருகிறது

"பொலேரோவ நிப்பாட்டப் போறாவளாம்லா, இப்ப வாங்கலாமா வேண்டாமா?" திருநெல்வேலி ஜில்லாவில் அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏழு சீட் வண்டி வாங்க நினைக்கிறவர்கள் கேட்கிற கேள்வி இதுதான். கேட்பவர்களில் வாழை போட்டிருக்கிறவர் உண்டு, டிராவல்ஸ் ஓட்டுகிறவர் உண்டு, பணகுடிப் பக்கம் காற்றாலைக் கம்பெனிக்கு மாத வாடகைக்கு வண்டி விட்டிருக்கிறவரும் உண்டு. ஒரு வீடியோவில் இது பொலேரோவின் கடைசிக் காலம் என்கிறார்கள், அடுத்த வீடியோவில் புது பொலேரோ வருகிறது என்கிறார்கள். ஒரே சேதியைத்தான் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அது புரிய வேண்டுமென்றால், ஒரு மாடல் நிற்பது என்றால் என்ன என்று கொஞ்சம் விவரமாகத் தெரிந்திருக்க வேண்டும். மெக்கானிக் அறிவு ஒன்றும் தேவையில்லை, பொறுமையாகப் படித்தால் போதும்.

பொலேரோ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் மூன்று சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று பெயர். இன்னொன்று அடியில் இருக்கிற கட்டமைப்பு, அதாவது சேசிஸ். மூன்றாவது என்ஜினும் அதோடு சேர்ந்த கியர்பாக்ஸ், ஆக்சில், மற்ற பாகங்களும். இந்த மூன்றுக்கும் ஒரே நாளில் முடிவு வருவதில்லை. பெயர் நின்று என்ஜின் ஓடிக்கொண்டிருக்கலாம், சேசிஸ் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சலாம். அதனால் யாராவது "நிற்கப் போகிறது" என்று சொன்னால், எது நிற்கப் போகிறது என்று திருப்பிக் கேளுங்கள். வாங்குகிறவருக்கும் வைத்திருக்கிறவருக்கும் லாப நஷ்டம் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

நம் ரோட்டில் ஓடிய பழைய வண்டிகளை வைத்தே இதைப் பார்க்கலாம். டொயோட்டா குவாலிஸ் 2000-ல் வந்தது, 2005-ல் நிறுத்தினார்கள். விற்காமல் நிறுத்தவில்லை, நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இன்னோவாவை இறக்கினார்கள். அப்போது எத்தனையோ பேர் வருத்தப்பட்டார்கள், ஆனால் குவாலிஸ் வைத்திருந்தவர்கள் அதற்கப்புறமும் வருடக்கணக்கில் கல்யாண டிரிப்பும் குற்றால சீசன் டிரிப்பும் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். டாட்டா சுமோ வேறு கதை. 1994-ல் வந்து 25 வருடம் ஓடி 2019-ல் சத்தமில்லாமல் நின்றது. அந்த நிறுவனத்தைக் கட்டி எழுப்பிய சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து எடுத்த இரண்டு துண்டுகள்தான் சுமோ என்ற பெயர். அப்படிப்பட்ட பெயரையே அன்றைக்கு விட்டுவிட்டார்கள் என்றால், பெயர் மேல் உள்ள பாசம் மட்டும் ஒரு வண்டியைக் காப்பாற்றாது என்று தெரிகிறது அல்லவா.

அதே நிறுவனத்தின் சஃபாரி மூன்றாவது வகை. 1998-ல் வந்த சஃபாரி, தனி சேசிஸ் மேல் உடம்பை வைத்துக் கட்டிய வண்டி, பின் சக்கரம் இழுக்கிற வண்டி. 2019-ல் நின்றது. 2021-ல் அதே பெயரில் திரும்ப வந்த வண்டிக்கு அந்த சேசிஸ் கிடையாது, முன் சக்கரம் இழுக்கும், ஓட்டுகிற விதமே வேறு. பெயரைத் தவிர பழையதில் எதுவும் மிச்சமில்லை. இதைத்தான் ஒருத்தர் "சஃபாரி போச்சு" என்பார், இன்னொருத்தர் "சஃபாரி வந்தாச்சு" என்பார், இரண்டும் சரிதான். போனது நின்றுவிட்டுத் திரும்பி வருவதும் உண்டு. 2022 கடைசியில் இன்னோவா ஹைகிராஸ் வந்த நேரத்தில் அதற்கு முந்தைய இன்னோவா கிரிஸ்டா டீசலுக்கு முன்பதிவையே நிறுத்தி வைத்திருந்தார்கள், அடுத்த வருடமே திரும்பவும் விற்க ஆரம்பித்தார்கள். இப்போது அந்த கிரிஸ்டாவையும் எடுத்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு மறுபடி அடிபடுகிறது. அப்புறம், நிறுவனமே நாட்டை விட்டுக் கிளம்புவதும் உண்டு. மறைமலைநகரில் செய்துகொண்டிருந்த ஃபோர்டு எண்டவர் அப்படித்தான் போனது. 2021 செப்டம்பரில் ஒரே அறிவிப்பு, வண்டி மேல் ஒரு குறையும் கிடையாது.

சரி, பொலேரோவுக்கு வருவோம். மஹிந்திரா 2000-ல் இறக்கிய வண்டி. கால் நூற்றாண்டு தாண்டியும் அதே பெட்டி வடிவம், அதே சேசிஸ், அதே பின் சக்கர இழுவை. ஒரு காலத்தில் பல வருடம் தொடர்ந்து இந்தியாவிலேயே அதிகம் விற்ற எஸ்யூவி இதுதான். தாசில்தார் ஆபீஸ், யூனியன் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், எஸ்டேட், கல்குவாரி என்று பார்த்தால் இது நிற்காத வாசல் நம் ஜில்லாவில் குறைவு. வெளியிலிருந்து பார்த்தால் மாறவே இல்லாதது போலத் தெரியும், உள்ளே மட்டும் நிறைய மாறியிருக்கிறது. ஆரம்பத்தில் 2.5 லிட்டர் என்ஜின். 2016-ல் பவர் பிளஸ் என்று மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர் என்ஜினோடு வந்தது, அப்போதே வண்டியின் நீளத்தை 4,107 மில்லிமீட்டரிலிருந்து 3,995-க்குக் குறைத்தார்கள். இந்தப் பதினோரு சென்டிமீட்டர் சும்மா குறைந்ததல்ல, வரிக்காகக் குறைந்தது.

நம் நாட்டில் நாலு மீட்டருக்குள் அடங்குகிற, 1,500 சிசி-க்கு மேல் போகாத டீசல் காருக்கு வரி குறைவு. இந்த இரண்டு கோட்டுக்குள்ளும் வராவிட்டால் அதே வண்டி ஒரேயடியாக விலை ஏறிவிடும். பொலேரோவின் இப்போதைய என்ஜின் 1,493 சிசி. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறியபோது இந்த வகைக்கு மொத்த வரி 31 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது, இந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிற பெரிய வண்டிகளுக்கு 40 சதவீதம். அடுத்த மாதமே பொலேரோவுக்கு ஒரு சின்ன முகமாற்றமும் செய்து டச் ஸ்கிரீன் எல்லாம் வைத்து விட்டார்கள். நாளைக்கே கதவை மூடப் போகிற கடைக்கு யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வரி விஷயத்தில் இந்த வண்டி இப்போது நல்ல நிலையில்தான் இருக்கிறது. நெருக்கடி வருவது வேறு பக்கத்திலிருந்து.

அந்தப் பக்கம் புகை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபோது டீசல் என்ஜினின் புகையைச் சுத்தம் செய்ய விலை கூடின கருவிகளை மாட்ட வேண்டியிருந்தது. முப்பது லட்ச ரூபாய் வண்டியில் அந்தச் செலவு கரைந்துவிடும், பத்து லட்ச ரூபாய் வண்டியில் உறைக்கும். மாருதி அப்போதே டீசலை மொத்தமாக விட்டுவிட்டது. பொலேரோ தாண்டி வந்தது. 2023 ஏப்ரலில் ரோட்டில் ஓடும்போதே புகையை அளக்கிற அடுத்த கட்டம் வந்தது, அதையும் தாண்டியது. இது வரைக்கும் எல்லாருக்கும் ஓரளவு தெரிந்த கதை. பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத, ஆனால் ரொம்பப் பெரிய விதி ஒன்று இருக்கிறது, அதன் பெயர் கஃபே விதி. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இனி வரும் வருடங்களில் எந்த டீசல் ஏழு சீட் வண்டி இருக்கும், எது போகும் என்று தீர்மானிக்கப் போவது இதுதான்.

பிஎஸ்6 விதி ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாகப் பார்க்கும். கஃபே விதி அப்படிப் பார்க்காது. ஒரு நிறுவனம் ஒரு வருடத்தில் விற்ற எல்லாப் பயணிகள் கார்களையும் சேர்த்து, கிலோமீட்டருக்குச் சராசரியாக எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு வருகிறது என்று பார்க்கும். சராசரி குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் அபராதம். 2017-ல் ஆரம்பித்து 2022-ல் இறுகியது, அப்போது நாடு முழுமைக்கும் குறி வைத்த அளவு சுமார் 113 கிராம். நிறுவனத்தின் வண்டிகள் சராசரியாக எடை கூடியவையாக இருந்தால் கொஞ்சம் சலுகை உண்டு, ஆனால் முழுதாகத் தப்ப முடியாது.

கணக்கு எளிதுதான், நீங்களே போடலாம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2,640 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கிற டீசல் வண்டி என்றால் 2,640-ஐ 16-ஆல் வகுங்கள், 165 கிராம். 113 கிராமுக்கு வர வேண்டுமென்றால் லிட்டருக்கு 23 கிலோமீட்டருக்கு மேல் கொடுக்க வேண்டும். பெட்டி மாதிரி காற்றை முட்டிக்கொண்டு போகிற, சேசிஸ் கனத்தைச் சுமக்கிற ஒரு வண்டியால் அது முடியாது, எந்த நிறுவனம் செய்தாலும் முடியாது. அப்படியானால் எப்படி இன்னும் விற்கிறார்கள்? சராசரி என்பதால்தான். 165 கிராம் வண்டி ஒன்றை விற்று, பக்கத்திலேயே மின்சார வண்டி ஒன்றையும் விற்றால், மின்சார வண்டிக்குக் கணக்கில் பூஜ்யம், சராசரி பாதியாக இறங்கிவிடும். போதாததற்கு ஒரு மின்சார வண்டியை ஒன்றுக்கு மேற்பட்டதாக எண்ணிக்கொள்ளவும் விதியில் சலுகை இருக்கிறது. 2024 நவம்பரில் மஹிந்திரா இரண்டு மின்சார எஸ்யூவிகளை அறிமுகம் செய்ததற்கும், களக்காட்டில் ஒரு விவசாயிக்கு பொலேரோ கிடைப்பதற்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்ப முடிகிறதா? நேரடியான சம்பந்தம் இருக்கிறது. எங்கேயோ ஒருத்தர் மின்சார வண்டி வாங்கினால்தான் இன்னொருத்தர் வாங்குகிற டீசல் வண்டிக்கு இடம் கிடைக்கும்.

கஃபே விதியின் அடுத்த கட்டம் 2027 ஏப்ரலில் தொடங்குவதாக இருக்கிறது, இன்னும் இறுக்கமாக. கிரிஸ்டா போகிறது, அது போகிறது, இது போகிறது என்று வருகிற பேச்சுகளில் பாதிக்கு மேல் இந்தத் தேதியிலிருந்து கிளம்புகிறவைதான். நிறுவனம் ஒவ்வொன்றும் தன் பட்டியலில் அதிக கிராம் காட்டுகிற வண்டி எது, அதில் லாபம் எவ்வளவு, அதை வைத்துக்கொண்டால் எத்தனை மின்சார வண்டி விற்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் இது.

பாதுகாப்பையும் சொல்லாமல் விட முடியாது, இதில் நான் வண்டியின் பக்கம் நிற்க மாட்டேன். 2019-ல் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ், டிரைவர் ஏர்பேக், மோதல் சோதனை எல்லாம் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் கட்டாயமானது. சுமோ, ஆம்னி, ஜிப்சி எல்லாம் அதே வருடத்தில் போனது தற்செயல் இல்லை. பழைய கட்டமைப்பில் இந்த விதிகளுக்கு ஏற்றபடி மாற்றம் செய்வது, புதிதாக ஒரு வண்டி செய்வதற்கு ஆகிற செலவுக்குக் கிட்டத்தில் போய்விடும். பொலேரோவில் மாற்றினார்கள், 2022-ல் முன்னால் இரண்டு ஏர்பேக்கும் வந்தது. ஆனால் பின்னால் எதிரும் புதிருமாகப் பக்கவாட்டில் பார்த்து உட்கார்கிற அந்த இரண்டு சீட் இன்னும் அப்படியே இருக்கிறது. சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்குக் கிளம்பினால் அந்த சீட்டில் யாரைப் போடுகிறோம்? பிள்ளைகளைத்தான். வண்டி மோதினால் உடம்பு முன்னால் பாயும், பக்கவாட்டில் உட்கார்ந்த பிள்ளையைப் பிடித்துக்கொள்ள சீட்டின் முதுகும் இருக்காது, முன்னால் பார்க்கிற சீட்டின் பெல்ட் தருகிற பாதுகாப்பும் இருக்காது. இதே குடும்பத்தைச் சேர்ந்த பொலேரோ நியோ 2024-ல் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. நாலு மீட்டருக்குள் ஏழு பேரையும் முன்னால் பார்த்து உட்கார வைக்க முடியாதா என்றால், ரெனோ டிரைபரில் செய்திருக்கிறார்கள். அதனால் இந்தப் பின் சீட்டுக்காக பழைய அமைப்பு போனால் எனக்கு வருத்தமே இல்லை.

இனி வரப்போவது என்ன? 2025 ஆகஸ்ட் 15-ல் மஹிந்திரா புதிதாக ஒரு அடித்தளத்தைக் காட்டியது. அதில் கட்டப் போகிற வண்டிகளின் மாதிரி வடிவங்கள் நாலும் கூடவே காட்டப்பட்டன, 2027-லிருந்து விற்பனைக்கு என்றார்கள். அடுத்த பொலேரோ இதில்தான் வரும் என்ற பேச்சு அங்கிருந்து பிறந்தது. இந்த அடித்தளம் மோனோகாக் வகை. நம் ஊர் கூண்டு வண்டியை நினைத்துப் பாருங்கள், கீழே சட்டம் தனி, மேலே கூண்டு தனி, கூண்டு நசுங்கினாலும் சட்டம் ஓடும். சேசிஸ் வண்டி அந்த மாதிரி. மோனோகாக்கில் சட்டமும் கூண்டும் ஒன்றே, உடம்பு முழுவதும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்கும். எடை குறைவு, மைலேஜ் கூடும், கிராம் குறையும், குலுக்கல் குறையும், மோதலில் ஆளைக் காப்பாற்ற வடிவமைப்பது எளிது. கஃபே கணக்கில் உட்கார்ந்து பார்த்தால் நிறுவனத்துக்கு இதைவிட்டால் வேறு வழி அதிகம் இல்லை.

நமக்கு? ஆளுக்கு ஆள் மாறும். பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் நாலு வழிச் சாலையில் போய் வருகிறவருக்கு மோனோகாக் நல்லதுதான், முதுகு தப்பிக்கும். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறுகிற பாதையிலும், திசையன்விளைப் பக்கத் தேரி மணலிலும், காற்றாலைகளுக்கு நடுவே கல்லும் முள்ளுமாகக் கிடக்கிற வண்டித் தடத்திலும் வருடம் முழுக்க ஓடுகிறவருக்கு சேசிஸும் பின்னால் பட்டை ஸ்பிரிங்கும்தான் தோது. பாரம் கூடினாலும் தாங்கும், பட்டை உடைந்தால் பக்கத்துப் பட்டறையில் மாட்டிக்கொண்டு அன்றைக்கே கிளம்பலாம், வெல்டிங் வைக்க ஆள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மோனோகாக் உடம்பு வளைந்தால் அதைச் சரியாக இழுத்து நிமிர்த்தத் தனி மேடையும் அளவுக் கருவியும் வேண்டும், அது திருநெல்வேலிக்குள் பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனால்தான் நடக்கும். அதனால் பொலேரோ என்ற பெயர் 2027-க்குப் பிறகும் இருக்குமா என்ற கேள்வியைவிட, சேசிஸ் பொலேரோ எவ்வளவு காலம் கிடைக்கும் என்ற கேள்விதான் நம் பக்கத்து ஆட்களுக்கு முக்கியம்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பயப்படுவது ஸ்பேர் கிடைக்குமா என்றுதான். இங்கேதான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது கை கொடுக்கிறது. வாழைத்தார் ஏற்றுகிற பொலேரோ பிக்கப்பைப் பாருங்கள். அதில் ஓடுவது பழைய பொலேரோவின் 2.5 லிட்டர் என்ஜின் குடும்பம். பிக்கப் சரக்கு வண்டி, மேலே சொன்ன கஃபே விதி பயணிகள் கார்களுக்கானது, சரக்கு வண்டிக்கு இதுவரை வரவில்லை. ஆகவே ஏழு சீட் வண்டிக்கு வருகிற அதே நெருக்கடி பிக்கப்புக்குக் கிடையாது. பிக்கப் விற்கிற வரைக்கும் அந்த என்ஜினுக்கான பாகங்கள் ஆலையிலிருந்து வந்துகொண்டே இருக்கும், வெளிக்கடைகளிலும் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் தொழிலில் இருப்பார்கள். 2016-க்கு முந்தைய 2.5 லிட்டர் பொலேரோ வைத்திருப்பவர்கள் என்ஜினைப் பற்றி இன்னும் பல வருடம் கவலைப்பட வேண்டாம் என்றே சொல்வேன். 1.5 லிட்டர்காரர்களுக்கும் அதே என்ஜின் குடும்பம் நியோவில் ஓடுகிறது என்பது ஒரு பலம். தட்டுப்பாடு முதலில் வருவது எப்போதும் உடம்புச் சாமான்களில்தான்: ஹெட்லைட், கண்ணாடி, கதவு பீடிங், டேஷ்போர்டு. பீடிங், டேஷ்போர்டு இல்லாமல் சமாளிக்கலாம், ஹெட்லைட்டும் கண்ணாடியும் இல்லாமல் ரோட்டில் இறக்கக் கூடாது.

பதிவுக் கெடு தனி. அரசு அலுவலகங்களில் 15 வருடம் தாண்டிய வண்டிகளை 2023 ஏப்ரலிலிருந்து கழித்துவிட்டார்கள், ஆபீஸ் வாசல்களில் பழைய ஜீப்புகள் காணாமல் போனது அதனால்தான். சொந்த வண்டிக்கு அப்படி இல்லை. 15 வருடம் முடிந்ததும் ஆர்டிஓ-வில் காட்டி, கட்டணம் கட்டி, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். மஞ்சள் போர்டு வண்டி என்றால் முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடா வருடம் எஃப்.சி. மாடல் நின்றதா ஓடுகிறதா என்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இப்போது வாங்கலாமா? தோட்டம், மலை, காற்றாலை வேலை என்று சேசிஸ் தேவைப்படுகிறவர் தாராளமாக இப்போது வாங்கலாம், வரி இறங்கியிருக்கிற நேரம், காத்திருந்தால் அதே வண்டி கிடைக்கும் என்ற உறுதியில்லை. வீட்டு உபயோகத்துக்கு, பிள்ளைகளோடு நெடுந்தூரம் போக என்றால் முன்னால் பார்க்கிற மூன்று வரிசை சீட்டும் ஆறு ஏர்பேக்கும் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள், பொறுக்க முடிந்தால் 2027-ல் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். விதி மாறுகிற தேதிக்குப் பக்கத்தில் ஷோரூமில் பெரிய தள்ளுபடி கொடுப்பார்கள், "கடைசி ஸ்டாக் அண்ணாச்சி, விட்டா கிடைக்காது" என்பார்கள். பிஎஸ்4 முடிந்தபோது, 2020 ஏப்ரல் 1-லிருந்து அந்த வண்டிகளை விற்கவும் பதியவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் முன்கூட்டியே சொல்லியிருந்தது, கடைசி வாரத்தில் பணம் கட்டியவர்கள் பதிவுக்காக அலைந்தார்கள். கஃபே விதி வண்டியைப் பார்க்காது, நிறுவனத்தைத்தான் பார்க்கும், அதனால் அந்தக் காரணத்துக்காக உங்கள் பதிவு நிற்காது. புகை விதியோ பாதுகாப்பு விதியோ மாறுகிற சமயம் என்றால், முழுப் பணத்தையும் கட்டும் முன் எந்தத் தேதிக்குள் பதிவு முடியும் என்று எழுதி வாங்குங்கள். ஃபார்ம் 21 என்று ஷோரூமில் தருகிற விற்பனைச் சான்றில் வண்டி தயாரான மாதமும் வருடமும் இருக்கும். அதைப் பார்த்து, போன வருடத்து வண்டி என்றால் அதற்கேற்ற விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஏனென்றால் நீங்கள் விற்கப் போகும்போது வாங்குகிறவர் ஆர்.சி.யில் முதலில் பார்ப்பது அந்த வருடத்தைத்தான்.